பெயரைச் சொல்லிவிடு, மகளே

சாயர்புரம்

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. சொல்வது நான், எழுதுவது உன் சித்தி. என் கையெழுத்தை இப்போதெல்லாம் என்னாலேயே படிக்க முடிவதில்லை, அதனால் இந்த ஏற்பாடு. நடுவில் எங்கேயாவது புத்திமதி கூடுதலாகத் தெரிந்தால் அது அவள் கைவரிசை என்று எடுத்துக்கொள்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். எஸ்.சி.ஏ. 1. சிறுமூளையைத் தாக்கும் அட்டாக்ஸியா என்ற தள்ளாட்ட நோயில் ஒரு வகை. உங்க அப்பாவுக்கு இருந்ததும் எனக்கு இருப்பதும் அதேதான். போனில் நீ அதிகம் பேசவில்லை. "நமக்கு மட்டும் ஏன் சித்தப்பா?" என்று கேட்டாய். பிறகு, "இதை யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றாய். முதல் கேள்விக்கு டாக்டர்கள் பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஆறாவது குரோமோசோமில் ஏடிஎக்ஸ்என்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். இது எல்லோருக்கும் உள்ளதுதான். இடையில் வேறு எழுத்து குறுக்கிடாமல் அந்த வரிசை 39-ஐ எட்டினாலோ, அதற்கு மேல் நீண்டாலோ சிறுமூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிய ஆரம்பிக்கும். காலில் பலம் இருக்கும், ஆனால் எடுத்து வைக்கிற அடி தவறும். நாக்கில் பலம் இருக்கும், ஆனால் பேச்சு குழறும். இந்த மரபணுவை அமெரிக்காவில் ஹூடா சோக்பி, ஹாரி ஆர் என்ற இருவரும் 1993-இல்தான் கண்டுபிடித்தார்கள். அப்பா வழியாக இறங்கும்போது அந்த எழுத்து வரிசை இன்னும் நீண்டுவிடுவது உண்டு. அப்படி நீண்டால் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே தொடங்கிவிடும். எனக்கு நாற்பதுக்கு மேல் வந்தது உனக்கு முப்பதுக்கு முன்பே வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த நோய் உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் கணக்கு வாத்தியார், இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சுண்டுகிற நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. உனக்கு வந்துவிட்டதால் தம்பி தப்பித்தான் என்றும் இல்லை, அவனுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. அவனுக்கு அது தனியாகச் சுண்டிய நாணயம்.

உங்க அம்மாவிடம் இதை எடுத்துச் சொல். அத்தை மகளைக் கட்டினால் பிள்ளைக்கு ஏதாவது வரும் என்று அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் பேசினார்கள். மதினி அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறார்கள். இந்த நோய் இறங்க, தாய் தகப்பன் இரண்டு பேரில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தால் போதும். உங்க அப்பா சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் அந்தப் பாதிக்குப் பாதி மாறியிருக்காது. உங்க அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. நீயே உட்கார்ந்து, இந்த வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

"நமக்கு மட்டும்" என்றாயே, அதுவும் சரியில்லை. பெற்றோரிடமிருந்து இப்படி நேரடியாக இறங்கும் தள்ளாட்ட நோய்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் உலகத்தில் லட்சம் பேருக்குச் சுமார் மூன்று பேர்தான். அபூர்வம்தான். ஆனால் 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் நம் தமிழ்நாட்டைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிராமங்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரு தமிழ்ச் சமூகம். அவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு நமக்கு இருக்கும் இதே எஸ்.சி.ஏ. 1. நூற்றுக்கு ஏழு பேர்! இலங்கையிலும் இந்த வகை நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோயை, கண் மெதுவாக நகரும் வகையை, மும்பையில் டாக்டர் நோஷிர் வாடியா ஒன்பது குடும்பங்களில் கண்டு 1971-இல் உலகத்துக்குச் சொன்னார். ஆக இந்த நோய் எங்கேயோ வெளிநாட்டில் இருந்து நம் வீட்டுக்குள் தவறி வந்தது இல்லை. இந்த மண்ணில் பல தலைமுறையாக இருப்பதுதான்.

அந்த இரண்டு கிராமங்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். ஒரே தெருவில் ஏழு பேர் ஒரே மாதிரி நடந்தால், அதைக் குடி என்று யாரால் சொல்ல முடியும்? உங்க அப்பாவைச் சொன்னார்கள். சாராயக்கடை வாசலை மிதிக்காத மனுஷன். ஒரு கல்யாண வீட்டில், "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாரா?" என்று யாரோ முகத்துக்கு நேராகவே கேட்டுச் சிரித்தார்கள். அதன்பிறகு அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டார். அப்புறம் கடைத்தெருவை விட்டார். கடைசியில் கோவிலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். நோய் அவரைப் படுக்க வைக்கப் பல வருஷம் பாக்கி இருந்தது. அதற்கு முன்பே அவர் வீட்டுக்குள் அடைந்துகொண்டார். அப்போது அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி ஊருக்குச் சொல்வது?

எனக்கு அந்தப் பெயர் தெரிந்தது. அண்ணனை விட என் நிலைமை நல்லதாக இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம், மருந்து மாத்திரை இல்லை. கரும்பலகையில் நேர்கோடு போட முடியாமல் போன வருஷம், ஒன்பதாம் வகுப்பில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "பிள்ளைகளா, சாருக்கு சிறுமூளையில ஒரு நோய். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கணக்கு மட்டும் மறக்காது." கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நீங்க சொல்லுங்க சார், நான் போர்டுல எழுதுதேன்" என்றான். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை எழுதியது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது சாயர்புரத்தில் என்னைக் குடிகாரன் என்று சொல்ல ஆள் கிடையாது. போப் கல்லூரிப் பக்கம் பஸ் ஏறினால் நான் உட்காரும் வரை கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது சரி, இதே நோய் உள்ள இன்னொரு ஆளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஏரல், நாசரேத், தூத்துக்குடி என்று விசாரித்தும் ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு விஷயம் பிடிபட்டது. நோயின் பெயரைச் சொல்லி ஆள் தேடினால் தமிழ்நாடு முழுக்க அலைய வேண்டும். தொல்லையின் பெயரைச் சொல்லித் தேடினால் அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கிறது. நடை தள்ளாடுகிறவர், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறவர், சட்டைப் பொத்தான் போட முடியாதவர் என்று கேட்டுப் பார். பக்கவாதம் வந்த பழைய லாரி டிரைவர் ஒருவர், பார்க்கின்சன் உள்ள ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், சர்க்கரையில் பாதம் மரத்துப்போன பனையேறி ஒருவர், அப்புறம் நான். சனிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு வராந்தாவில் கூடுவோம். வெல்டிங் பட்டறையில் சொல்லி இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஜி.ஐ. பைப் அடித்து வைத்திருக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு நடை, ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நர்ஸம்மாதான் கண்டிப்பு. உடம்புப் பயிற்சி பாதி, ஊர்க்கதை பாதி. நோய் நாலு பேருக்கும் நாலு விதம், விழாமல் இருக்கிற வித்தை எல்லோருக்கும் ஒன்று.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அங்கே போனபோதுதான் எனக்கு உறைத்தது. அதை ஆரம்பித்த ராமகிருஷ்ணன் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-இல், பெங்களூரில் கடற்படை அதிகாரிகள் தேர்வில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் மேல் இருந்த மரியாதையில் அவர் பெயரையே வைத்து, 1981-இல் சொந்த ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரோடு சேர்ந்து சங்கத்தை நடத்திவரும் சங்கரராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், அவருக்குத் தசைச்சிதைவு நோய். ஒருவருக்குத் தண்டுவடத்தில் காயம், இன்னொருவருக்குப் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சக்கர நாற்காலி. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ ஆயிரம் பேருக்கு நடைப்பயிற்சியும் படிப்பும் தொழிலும் கொடுத்துவிட்டார்கள். சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற அக்கா தங்கை இருவரும் தசைச்சிதைவு நோயோடு இருந்துகொண்டே ஆதவ் அறக்கட்டளை தொடங்கி மற்ற நோயாளிகளைக் கவனித்ததும் இந்த வகையில் சேர்ந்ததுதான்.

அதற்காக நம் நோய்க்காரர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில சந்தேகங்களை அவர்களிடம்தான் கேட்க முடியும். அமெரிக்காவில் ஜான் ஷட் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இதே நோய். குடும்பத்தில் யார் யாருக்கு வந்தது என்று வரிசைப்படுத்தி 1950-இல் எழுதினார். கடைசியில் அவரையும் அது பிடித்தது. 1957-இல் அவர் தொடங்கிய தேசிய அட்டாக்ஸியா அறக்கட்டளை இன்றைக்கும் நடக்கிறது. கியூபாவில் ஒல்கின் என்ற மாகாணத்தில் நம் நோயின் தங்கை மாதிரியான எஸ்.சி.ஏ. 2 ஏராளமான பேருக்கு உண்டு. அங்கே 2000-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி, மறுவாழ்வு மையம் கட்டிவிட்டார்கள். நம் நாட்டில் ஹைதராபாத்திலிருந்து 'சமாக்' என்று ஒரு குழு இயங்குகிறது, அட்டாக்ஸியா உள்ளவர்களே நடத்துவது. அவர்களோடு தொடர்பு வைத்துக்கொள். செப்டம்பர் 25 உலக அட்டாக்ஸியா நாள் என்பதையும் காலண்டரில் குறித்து வை.

இனி உடம்பைப் பற்றி. எஸ்.சி.ஏ. 1-ஐக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற வேறொரு வகைக்கு 2023-இல் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நமக்கும் வரும் என்று எதிர்பார்க்கலாம். வேர், லேகியம், ஸ்டெம்செல் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதே. பயிற்சி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் சிறுமூளை நோயாளிகளுக்கு நாலு வாரம் சமநிலைப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். நடையும் நிலையும் தேறின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பதைத் தினமும் செய். உடம்பு முடியாத நாளில் பாதி செய்.

நம் நடைக்குக் கண்தான் பாதித் துணை. இருட்டில் தள்ளாட்டம் கூடும். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் விளக்கை அணைக்காதே. குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்துக்கொள், விழுந்த பிறகு அடிக்கலாம் என்று தள்ளிப்போடாதே. தம்ளர் கனமாக இருந்தால் கை நடுக்கம் குறைவாகத் தெரியும், பித்தளைத் தம்ளர் நல்லது. சாப்பாட்டில் புட்டு மாதிரி உதிரியாக இருப்பதும், வெறும் தண்ணீரும்தான் புரை ஏறும். கஞ்சி, கூழ் மாதிரி கெட்டியாக இருப்பது ஒழுங்காக இறங்கும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே. விழுங்குவது கஷ்டமாகும் முன்பே பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பார்த்துவிடு. இந்த நோயில் கடைசியில் பெரிய ஆபத்து புரை ஏறுவதுதான்.

சட்டமும் உன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் ஒன்று. நடை பாதித்துவிட்டதால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சான்றிதழும் யுடிஐடி அட்டையும் வாங்கிக்கொள். தனியார் கம்பெனியாக இருந்தாலும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டிருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உன் ஆபீசில் அதைக் கேட்டு வாங்கிப் படி. அட்டை வாங்கினால் ஊனமுற்றவள் என்று முத்திரை விழும் என்கிறாய். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது, தெருவில் உன் நடையைப் பார்க்கிறவன் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்கிறான். அட்டையில் உண்மையாவது எழுதியிருக்கும்.

கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டாய். எனக்குச் சொல்லக் கூச்சம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயின் பெயரை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு எழுந்து போகிறவன் போகட்டும், பிறகு போவதை விட அது நல்லது. பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. கரு உருவாகும் கட்டத்திலேயே சோதித்துப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில் மரபணு ஆலோசகர்கள் பொறுமையாக விளக்குவார்கள். தம்பி சோதித்துப் பார்ப்பானா மாட்டானா என்பது அவன் முடிவு. அறிகுறி இல்லாதவனை வற்புறுத்திச் சோதிக்கக் கூடாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அந்த ஜப்பான்காரப் பெண்ணின் 'ஒரு லிட்டர் கண்ணீர்' நாடகத்தைப் பார்த்து அழுததாக உங்க அம்மா சொன்னார்கள். அந்தப் பெண் ஆயா கிடோ, நிஜமாகவே இருந்தவள். பதினைந்து வயதில் தெரியவந்து இருபத்தைந்தில் போய்விட்டாள். அவள் எழுதிய நாட்குறிப்பு 1986-இல் புத்தகமாக வந்தது. அழுவதில் தப்பில்லை, ஆனால் அவளுடைய காலண்டரை உன் சுவரில் மாட்டாதே. இந்த நோய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் நடக்கும். எனக்குத் தொடங்கிப் பல வருஷம் ஆகியும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போகிறேன். மனசு ரொம்பவும் சோர்ந்தால் அதற்கென்று டாக்டர் இருக்கிறார், அதையும் நோயின் ஒரு பகுதியாக நினைத்துப் போய்ப் பார்.

அசனப் பண்டிகைக்குப் பந்தியில் நின்று பரிமாற இப்போது என்னால் ஆகாது. முந்தின நாள் ராத்திரி உள்ளி உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளி உரிக்கக் கத்தி வேண்டாம், விரல் போதும். மற்றவர்கள் ஒரு கிலோ உரிக்கும் நேரத்தில் நான் கால் கிலோ உரிப்பேன். யாரும் என்னை அவசரப்படுத்துவதில்லை, என் பங்கை வேறொருவர் கையிலும் கொடுப்பதில்லை. நல்லபடியாக வாழ்வது என்று நான் சொல்வது இதைத்தான். கூட்டத்தில் உனக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் இருக்க வேண்டும். நோய் வேலையை மாற்றும், மாற்றட்டும். இடத்தை மட்டும் நீயாகக் காலி செய்யாதே.

தை மாதம் லீவு போட்டுவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் வா. பனங்கிழங்கு பிடுங்குகிற நேரமாக இருக்கும். சனிக்கிழமை வராந்தாவுக்கு வந்து நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கு. அப்புறம் உன்னையும் கூட்டிக்கொண்டு ஆய்க்குடிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். கிளம்புவதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். உன் ஆபீசில் உனக்குப் பிடித்த ஒரே ஒரு ஆளிடம், "எனக்கு அட்டாக்ஸியா இருக்கு, அதனாலதான் இப்படி நடக்கேன்" என்று சொல்லிவிடு. ஒருவரிடம் சொன்னால் போதும், அடுத்தவரிடம் சொல்லத் தானாக வாய் வரும்.

உங்க அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா